கார்டு செய்ய அட்டை வாங்குறவங்க பாருங்க

எல்லாருக்கும் வணக்கம்பா. ஞாயித்துக்கிழமை லாங் பஜார் போறேன், யாருக்கு எந்த பேப்பர் வேணும்னு சனிக்கிழமை ராத்திரிக்குள்ள போடுங்க, ஆனா சும்மா "திக்கா ஒண்ணு"ன்னு போடாதீங்க, ஜிஎஸ்எம் எவ்ளோன்னு போடுங்க, அதாவது ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தன கிராம்ங்கற கணக்கு, நம்பர் ஏற ஏற பேப்பர் திக்கா இருக்கும். ஜெராக்ஸ் பேப்பர் 70, 80தான் இருக்கும், அது உள்ள எழுதி ஒட்டத்தான் ஆகும், கார்டு நிமிந்து நிக்கணும்னா 250லேர்ந்து 300 வேணும், மேல வெட்டி ஒட்டுற பூ, பார்டருக்கு 120லேர்ந்து 160 போதும். போன தடவ 300ல பூ வெட்டி வெரல்ல கொப்புளம் வந்தது எனக்குத்தான்.

மடிச்சா வெடிக்குதுன்னு ரெண்டு பேர் கேட்டீங்க இல்ல, அட்டையில நார் ஒரு வாக்குலதான் ஓடும், ரெண்டு பக்கமும் லேசா வளைச்சு பாருங்க, எந்த பக்கம் ஈசியா வளையுதோ அப்டியே மடிங்க, அதுக்கு முன்னாடி ஸ்கேல் வெச்சு இங்க் தீந்துபோன பேனாவால ஒரு கோடு அழுத்தி இழுத்துடுங்க. கலர் அட்டைன்னா ஓரத்துல துளி கிழிச்சு பாக்கணும், உள்ள வெள்ளையா இருந்தா மடிப்புலயும் வெள்ளக்கோடு தெரியும்.

போட்டோ ஒட்டுற ஆல்பத்துக்கு மட்டும் கஞ்சத்தனம் வேணாம், ஆசிட் ஃப்ரீன்னு, அதாவது பேப்பர பழுப்பாக்குற அமிலம் இல்லன்னு, போட்டிருக்கறதுதான் வாங்குவேன். சாதா சார்ட்ல நான் ஒட்டுன பாப்பா ஆல்பம் மூணு வெயில்லயே பழுப்பாயிடுச்சு, நம்மூரு வெயில் தெரியுமே.

பத்திரிகை அடிக்கிற பிரஸ்ல வெட்டுத்துண்டு அட்டை கெடச்சா அதயும் அள்ளிக்கினு வரேன், காசு அப்புறம் பாத்துக்கலாம்.