வீட்டுக் காகிதங்களைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், தினமும் பிள்ளைகளைக் கைப்பிடித்துப் பள்ளி வாசல்வரை கொண்டுவந்து விடும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

பள்ளிச் செய்திகளை வழக்கமாக வகுப்பு வாட்ஸ்அப் குழுவில்தான் போடுகிறோம். இந்த முறை அச்சடித்த தாளாக உங்கள் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கடிதத்தின் அடியில் ஒரு துண்டு இருக்கிறது. அதைக் கிழித்து, நிரப்பி, எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

காலாண்டுத் தேர்வு முடிந்த வாரம், ஏழாம் வகுப்பு ஆசிரியை பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார். "பணம், டிக்கெட், செய்தி எல்லாமே போனுக்குள் போய்விட்டது. இன்னும் வீட்டில் காகிதம் எதற்கு?" புத்தகம், நோட்டு என்று இரண்டு பதிலோடு வகுப்பு நின்றுவிட்டது. உடனே அவர், ஒரு வாரத்துக்கு வீட்டுக்குள் வரும் காகிதம் எதையும் தூக்கிப் போடாமல் ஒரு மஞ்சப்பையில் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை அந்த வகுப்பறைத் தரையைப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் துண்டறிக்கை, பேருந்து டிக்கெட், கோயில் விபூதி மடித்த தாள், தினசரிக் காலண்டரில் கிழித்த ஏழு நாட்கள், ஓரத்தில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, முட்டை அட்டை, தீப்பெட்டி, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், ஏ.டி.எம். சீட்டு. பெயின்டர் வேலை செய்யும் ஒருவரின் மகன் அப்பாவின் உப்புத்தாளைக் கொண்டுவந்திருந்தான். பாட்டி கொடுத்த பத்து ரூபாய் நோட்டை ஒரு பெண் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவள்தான் வகுப்புக்கு நல்ல பாடம் எடுத்துக் கொடுத்தாள். நம் ரூபாய் நோட்டுத் தாள் மரக்கூழில் செய்தது அன்று, பருத்தி இழையில் செய்தது. சட்டைப் பையிலேயே மறந்து துவைத்த நோட்டு கிழியாமல் வருவது அதனால்தான். தராசில் வைத்தபோது எல்லாவற்றையும்விட எடை அதிகம் இருந்தது பார்சல் வந்த அட்டைப்பெட்டிகள். ஒன்றைப் பிரித்துக் காட்டினோம். இரண்டு தாள்களுக்கு நடுவே நெளிநெளியாக ஒட்டிய ஒரு தாள். அந்த நெளிவுதான் மிக்சியையும் குக்கரையும் தாங்கிக்கொண்டு வருகிறது.

கடை ரசீதுகளைப் பற்றிப் பெற்றோர்களான உங்களுக்கும் ஒரு வார்த்தை. சூப்பர் மார்க்கெட்டிலும் ஏ.டி.எம்.மிலும் வரும் வழவழப்பான சீட்டில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சு அதில் இருக்கிறது, இயந்திரம் சூட்டினால்தான் எழுதுகிறது. சூடான காபி டம்ளரை அதன் மேல் வைத்தபோது வட்டமாகக் கறுத்ததைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஜன்னலில் வெயில் படும்படி ஒட்டி வைத்தவை சில நாட்களில் மங்கத் தொடங்கின. ஆகவே ஃபிரிட்ஜ், ஃபேன் வாங்கிய பில்லை வாரன்டிக்காக வைத்திருந்தால் இன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து அதோடு வையுங்கள். இல்லையென்றால் தேவைப்படும் நாளில் வெறும் தாள்தான் கையில் இருக்கும்.

நோட்டுத் தாள் எதிலிருந்து வருகிறது என்று கேட்டால் எல்லாரும் மரம் என்றார்கள். நம் ஊரில் அது பாதி உண்மை. கரூர் மாவட்டம் புகளூர் அருகே காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979-ல் தொடங்கப்பட்டதே கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்வதற்காகத்தான். பள்ளி வாசலில் கரும்புச் சாறு பிழிந்து ஒதுக்கும் அதே மாதிரிச் சக்கை, சர்க்கரை ஆலையிலிருந்து அங்கே போய்த் தாளாகிறது. இதைச் சொன்ன அன்று மாலை, சாறு வண்டிக்காரரைப் பிள்ளைகள் கேள்வியால் துளைத்துவிட்டார்களாம். அவர் மறுநாள் என்னிடம் வந்து சந்தோஷமாகச் சொன்னார்.

நம் மாணவர் ஒருவரின் அம்மா வீட்டில் மருந்துக் கடைகளுக்குக் கவர் ஒட்டிக் கொடுக்கிறார். அவரை வகுப்புக்கு அழைத்தோம். பழைய செய்தித்தாளும் மைதாப் பசையும் கொண்டுவந்து, கீழே விரித்த தாளில் கண் மூடித் திறப்பதற்குள் ஒரு கவரை மடித்துக் காட்டினார். 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகள் தடை செய்யப்பட்டபின் தனக்கு வேலை கூடியது என்றார். ஒன்றையும் கண்டிப்பாகச் சொன்னார்: இதில் பஜ்ஜி, வடை போட்டுக் கொடுக்காதீர்கள். அவர் சொன்னது சரி. அச்சு மை எண்ணெயில் கலந்து உடம்புக்குள் போகும். செய்தித்தாளில் உணவு பொதிய வேண்டாம் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2016-லேயே அறிவுறுத்தியிருக்கிறது.

இனி, எனக்குக் கவலை தந்த விஷயத்துக்கு வருகிறேன். பையில் இருந்த காகிதங்களில் பல எதற்கானவை என்று அவற்றைக் கொண்டுவந்த பிள்ளைகளுக்கே தெரியவில்லை. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். வங்கிச் சலானைப் பார்த்து, "இதில் எந்தப் பக்கம் நம்முடையது?" என்று கேட்டான் ஒருவன். கேட்டதில் தவறே இல்லை, அவன் கையில் யாரும் அதைக் கொடுத்ததில்லை. இதே பிள்ளை மூன்று வருடத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான விவரப் படிவத்தின் முன் உட்காருவான். அதில் எழுதும் பெயர், இனிஷியல், பிறந்த தேதிதான் மதிப்பெண் சான்றிதழில் ஏறும். பிறகு பாஸ்போர்ட்டோ வேலையோ எதற்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்தும் ஆதாரில் வேறோர் எழுத்துமாக இருப்பதைச் சரிசெய்ய எங்கள் அலுவலக அறைக்கும் இ-சேவை மையத்துக்கும் வேலையை விட்டு அலைந்த பெற்றோர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஒருநாள் கூலி போனால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

அதனால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக் காகித வேலையில் கொஞ்சத்தைப் பிள்ளையிடம் விடுங்கள். மளிகைச் சீட்டை அவளே எழுதட்டும். அரைக் கிலோ துவரம்பருப்பு, நூறு கிராம் கடுகு என்று கையால் எழுதினால் எடையும் விலையும் மனதில் நிற்கும். தாத்தாவின் மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டட்டும். வங்கிக்கோ தபால் நிலையத்துக்கோ போகும்போது ஒருமுறையாவது கூட்டிப்போய், தொகையை எண்ணாலும் எழுத்தாலும் அவனையே எழுதச் சொல்லுங்கள். அடித்துத் திருத்தினால் வேறு படிவம் வாங்கிக்கொள்ளலாம், அதட்ட வேண்டாம்.

ஐப்பசி பிறக்கப்போகிறது, மழை வரும். 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டியபோது நான் இங்கே சைதாப்பேட்டையில் ஆசிரியை. தண்ணீர் வடிந்தபின் பெற்றோர்கள் முதலில் தேடியது பாத்திரமோ துணியோ இல்லை. டிரங்குப் பெட்டிக்குள் இருந்த சான்றிதழ்களைத் தேடினார்கள். தொலைந்த ஆவணங்களுக்கு நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. ஆனாலும் ஈரக் கட்டாக ஒட்டிப்போன தாள்களை எங்கள் வகுப்பறைக்குக் கொண்டுவந்து நின்றவர்களின் முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அன்று நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். நனைந்த தாளை அவசரப்பட்டுப் பிரித்தால் கிழியும். வெயிலில் போட்டால் சுருண்டு மை வெளுக்கும். இஸ்திரியும் கூடாது. நிழலில், மின்விசிறிக் காற்றில், இடையிடையே மை ஒட்டாத வெள்ளைத்தாளை வைத்து, அது ஈரமானதும் மாற்றிக்கொண்டே வந்தால் பெரும்பாலும் தேறும்.

நனையும் முன்பே காப்பது இன்னும் நல்லது. எல்லா அசல்களையும் ஒரே ஃபைலில், ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, பரணிலோ அலமாரியின் மேல்தட்டிலோ வையுங்கள். போனில் படம் எடுத்து வையுங்கள். ஆவணங்களைப் போனில் சேமிக்க அரசு தரும் டிஜிலாக்கர் செயலியில் சான்றிதழ்களை ஏற்ற உங்கள் வீட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளை உதவுவான். தயவுசெய்து அசலை லேமினேட் செய்யாதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறோம். பிறகு அதில் ஒரு முத்திரையோ கையெழுத்தோ போட வழியில்லை, பிரிக்கப் போனால் தாளும் சேர்ந்து வந்துவிடும்.

சின்னதாக இன்னும் ஒன்று. போன வருட நோட்டுகளில் மிஞ்சிய பக்கங்களைக் கிழித்துத் தைத்து ரஃப் நோட்டாக்கிக் கொடுங்கள், புது ரஃப் நோட்டு நாங்கள் கேட்கப்போவதில்லை. எழுதி முடித்தவை பழைய பேப்பர்காரருக்குப் போகட்டும். எண்ணெய் பட்ட தாளையும் டீ குடித்த காகிதக் கோப்பையையும் மட்டும் அதில் சேர்க்க வேண்டாம். கோப்பையின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கிறது, அது தாளோடு சேர்ந்து கூழாகாது.

கீழே உள்ள துண்டில் ஐந்து வரிகள் இருக்கின்றன: பிள்ளையின் பெயர் இனிஷியலோடு, பிறந்த தேதி, ரத்த வகை, வீட்டு முகவரி, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண். ஐந்தையும் உங்கள் பிள்ளையே பேனாவால் நிரப்ப வேண்டும். பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஆதாரில் வேறுபாடு தெரிந்தால் துண்டின் பின்பக்கம் எழுதுங்கள். திருத்துவதற்கு என்ன செய்யலாம் என்று அலுவலக அறையில் சனிக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணி வரை நானே இருந்து பார்க்கிறேன். நீங்கள் செய்ய வேண்டியது கடைசிக் கோட்டில் கையெழுத்து மட்டும். வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ந்துவிட வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியை
சைதாப்பேட்டை, சென்னை