கெல்டால் மீது பழி வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த பால் கலப்படக் கட்டுரையைப் படித்தேன். விவரமாக எழுதியிருந்தார்கள். ஆனால் 2008இல் சீனாவில் பால்மாவில் மெலமைன் (பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் வேதிப்பொருள்) கலந்த விவகாரத்துக்கு, நைட்ரஜனை அளந்து அதிலிருந்து புரதத்தைக் கணக்கிட உதவும் பழைய கெல்டால் சோதனைதான் காரணம் என்பது போல முடித்துவிட்டார்கள். உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இதை அப்படியே விட மனம் வரவில்லை.

யோஹான் கெல்டால் (1849–1900) டென்மார்க்காரர். கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் முதலாளி யாகப்சன் 1875இல் கோபன்ஹேகனில் தொடங்கிய ஆய்வுக்கூடத்தில், வேதியியல் பிரிவின் தலைவராகக் கடைசிவரை இருந்தார். பார்லியில் புரதம் கூடினால் பீர் கலங்கும். முளைகட்டும்போதும் நொதிக்கும்போதும் அந்தப் புரதம் என்ன ஆகிறது என்று பார்க்க, அதிலுள்ள நைட்ரஜனை அளக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சு வேதியியலாளர் டூமாவின் பழைய முறைப்படி பொருளை எரித்து, வரும் வாயுவைப் பிடித்து அளப்பதென்றால் ஒரு மாதிரிக்கே பொழுது போய்விடும்.

1883இல் கெல்டால் வேறு வழி சொன்னார். மாதிரியை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்கவிட்டால், அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனியம் சல்பேட்டாகிவிடும். அப்புறம் காரம் சேர்த்து வடித்தால் அம்மோனியா வெளியே வரும். அதை அமிலத்தில் பிடித்து டைட்ரேஷன் செய்தால் (அளவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தால்) கணக்கு கிடைத்துவிடும். அவர் பெயரிலேயே வழங்கும் நீண்ட கழுத்துக் குடுவைகளை வரிசையாக ஒரே நேரத்தில் அடுப்பில் ஏற்றலாம். மண், உரம், மாட்டுத் தீவனம், கழிவுநீர் என்று எல்லாவற்றுக்கும் இந்த முறை பரவியது இதனால்தான். ஆய்வு முடிவு எதையும் மூடி வைக்கக் கூடாது என்று யாகப்சன் விதியே போட்டிருந்தார். போட்டி ஆலைக்காரர்களும் தாராளமாகப் பயன்படுத்தலாம். (இன்றைய முதலாளி யாராவது இப்படி விதி போடுவாரா?)

கெல்டால் தன் ஆய்வுக் கட்டுரைக்கு வைத்த தலைப்பே கரிமப் பொருள்களில் நைட்ரஜனை அளப்பதைப் பற்றியதுதான்; புரதத்தை அளப்பதைப் பற்றியது அல்ல. புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்று வைத்துக்கொண்டு 6.25ஆல் பெருக்குவது அதற்கு மேல் நாம் போடும் கணக்கு. அதிலும் பாலுக்கு 6.38, கோதுமைக்கு 5.7 என்று பொருளுக்கொரு எண். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் ஊற்றிய பாலில் அதைக் கலந்தால் நைட்ரஜன் கூடத்தான் செய்யும்; சோதனையும் இருந்ததைத்தான் காட்டியது.

இதைப் பிடிக்க வழி இல்லாமலும் இல்லை. டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம் விட்டால் புரதம் திரிந்துவிடும், மெலமைன் நீரோடு போய்விடும். வடிகட்டி, திரிந்ததை மட்டும் அதே கெல்டால் குடுவையில் போட்டுப் பார்த்தால் போதும். பாலில் புரதமல்லாத நைட்ரஜனைத் தனியே பிரித்துப் பார்ப்பது வெகுகாலமாகத் தெரிந்த வேலை. செய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தார்கள்.

இணையப் பதிப்பிலாவது அந்தக் கடைசிப் பத்தியைத் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உணவுப் பகுப்பாய்வாளர்,
ஈரோடு