செயலாளர் ஆண்டறிக்கை 2025: பத்தாம் நம்பர் ஜெர்சித் தீர்மானம் உட்பட

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான சமாச்சாரங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இந்த வருஷம் நம் கால்பந்து மன்றத்தில் எல்லோரும் பேசியது வேறு ஒன்றைப் பற்றி. கோடைப் பயிற்சி முகாம் மே மாதம் நடந்தது, பிள்ளைகள் நிறைய வந்தார்கள், பந்துதான் போதவில்லை. அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டியை மழையால் தள்ளிவைத்து அப்புறம் நடத்தினோம். அரையிறுதியில் தோற்றோம், நடுவரைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட வரக் கூடாது என்று செயற்குழு சொல்லியிருப்பதால் எழுதவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். வடக்குப் பக்க கோல் போஸ்ட் இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது.

சரி, ஜெர்சி விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூலைக் கூட்டத்தில் புது ஜெர்சி செட் வாங்குவது பற்றிப் பேசத்தான் கூடினோம். அந்த மாதம் 3ஆம் தேதிதான் லிவர்பூல் வீரர் டியோகோ ஜோட்டா ஸ்பெயினில் கார் விபத்தில் இறந்துபோனார், கூடவே அவர் தம்பி ஆந்த்ரே சில்வாவும். ஜோட்டாவுக்கு வயது 28, கல்யாணமாகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எழுந்து நின்று அஞ்சலி செலுத்திவிட்டு உட்கார்ந்ததும், லிவர்பூல் அவருடைய 20ஆம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று அறிவித்த செய்தி பேச்சில் வந்தது. ஆண்கள் அணி, பெண்கள் அணி, அகாடமி என எல்லா மட்டத்திலும் அந்த எண் கிடையாது. அந்த கிளப் இதற்கு முன் எந்த எண்ணையும் இப்படி எடுத்ததில்லை. அங்கே ஆடிய பழைய நட்சத்திரங்கள் டால்கிலீஷ் போட்ட 7, ஜெரார்டு போட்ட 8 எல்லாம் இன்றுவரை கை மாறிக்கொண்டேதான் இருக்கின்றன.

அந்தச் சூட்டோடு சூடாக நம் உறுப்பினர் ஒருவர் எழுந்து, முழங்கால் வலியால் இந்த வருஷத்தோடு ஆட்டத்தை நிறுத்திவிட்ட நம் மூத்த அண்ணனின் 10ஆம் நம்பரையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று தீர்மானம் முன்மொழிந்தார். கைத்தட்டல் பலமாக இருந்தது. அண்ணன் மட்டும், "ஏன்டா, நான் செத்தா போயிட்டேன்?" என்று கேட்டார். அதற்குள் ஒருவர் வழிமொழிந்துவிட்டதால் தீர்மானம் பதிவாகிவிட்டது. உலகத்தில் மற்றவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று செயலாளர் ஒரு குறிப்பு எழுதி ஆண்டறிக்கையில் சேர்க்கட்டும், அதன்பிறகு ஓட்டெடுப்பு என்று ஒத்திவைத்தோம். அந்தக் குறிப்புதான் இது. என் சொந்த அபிப்பிராயமும் நடுவில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இளைய உறுப்பினர்களுக்கு ஒன்று. ஒரு ஆட்டக்காரருக்கு ஒரு எண் என்று சீசன் முழுக்க நிலையாகக் கொடுப்பது கிளப் கால்பந்தில் அவ்வளவு பழைய பழக்கம் இல்லை. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 1993இலும் இத்தாலியின் முதல் டிவிஷனான சீரி ஆவில் 1995இலும்தான் அது வந்தது. அதற்கு முன் களத்தில் இறங்கும் பதினொரு பேரும் 1 முதல் 11 வரை போட்டாக வேண்டும், ஆகவே எந்த எண்ணையும் பூட்டி வைக்க முடியாது. இங்கிலாந்துக் கேப்டன் பாபி மூர் தன் கிளப்பான வெஸ்ட் ஹாமுக்கு 6ஆம் எண் போட்டு ஆடியது அறுபதுகளில், அந்த எண்ணை அவர்கள் எடுத்தது 2008இல், அவர் இறந்து பதினைந்து வருஷம் கழித்து. அப்போது அந்த ஜெர்சியில் ஆடிக்கொண்டிருந்த மேத்யூ அப்சன் 15க்கு மாறிக்கொண்டார்.

இப்போது நேப்பிள்ஸ். எங்கள் வாதத்தில் அடிக்கடி இழுக்கப்பட்ட ஊர் இதுதான், அதற்குக் காரணமும் இருக்கிறது. அர்ஜென்டினாவின் மரடோனா 1984இல் இந்தத் தென் இத்தாலிய ஊரின் கிளப்பான நாப்போலிக்கு வந்தபோது அந்த கிளப் ஒருமுறைகூட இத்தாலி லீக்கை வென்றதில்லை. வட இத்தாலியப் பணக்கார அணிகளின் ரசிகர்கள் தெற்கத்திக்காரர்களை மைதானத்திலேயே கேவலமாகப் பேசிய காலம். 1987இல் லீக், 1989இல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஇஎஃப்ஏ கோப்பை, 1990இல் மறுபடி லீக். 1991இல் அவர் போதைப்பொருள் சோதனையில் சிக்கி வெளியேறிய பிறகு அந்த 10 உடனே பூட்டப்படவில்லை, ஜியான்பிராங்கோ சோலா உட்படச் சிலர் அதைப் போட்டார்கள். 2000இல்தான் கிளப் அதை எடுத்தது. அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். 2004இல் நாப்போலி திவாலாகி மூன்றாம் டிவிஷனான சீரி சிக்குப் போனது. அங்கே பழைய விதி, 1 முதல் 11 போட்டே ஆக வேண்டும், ஆகவே மரடோனாவின் 10 பெட்டியிலிருந்து வெளியே வந்தது! சீரி சியில் ஓடிய ஆட்டக்காரர்கள் அதைப் போட்டுக்கொண்டு விளையாடினார்கள், வானம் இடிந்து விழவில்லை. மேலே ஏறி வந்ததும் மறுபடி பூட்டினார்கள். மரடோனா 2020 நவம்பரில் இறந்ததும் மைதானத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். 2023இலும் 2025இலும் நாப்போலி மறுபடி லீக்கை வென்றது, பத்தாம் நம்பர் இல்லாமலேயே.

என்னைக் கேட்டால், ஆட்டத்துக்காக மட்டும் ஒரு எண்ணை எடுக்கலாம் என்றால் அது இந்த ஒன்றுக்குத்தான். கோல் கணக்கெல்லாம் அதற்கடுத்த சங்கதி, ஒரு ஊரே தன்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டது அந்த ஆளால். ஆனால் இதே மரடோனாவுக்காக 2002 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா 10ஐ விட்டுவிட முயன்றபோது, எண்கள் வரிசையாக இருந்தாக வேண்டும் என்று ஃபிஃபா ஒத்துக்கொள்ளவில்லை. ஏரியல் ஒர்டேகா அதைப் போட்டார். அன்று ஃபிஃபா விட்டுக்கொடுத்திருந்தால் மெஸ்ஸி 2022இல் வேறு எண்ணில்தான் கோப்பையைத் தூக்கியிருப்பார். இதை நான் கூட்டத்தில் சொன்னபோது எண்ணை எடுக்கச் சொன்ன தரப்பு கொஞ்சம் அமைதியானது.

பெலேவைப் பற்றியும் கேட்டார்கள். அமெரிக்காவில் அவர் கடைசியாக ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் 1977இலேயே 10ஐ எடுத்துவிட்டது. அவரை வளர்த்த பிரேசில் கிளப்பான சாண்டோஸில் அது புழக்கத்தில் இருக்கிறது, 2025இல் திரும்பி வந்த நெய்மாருக்குக் கொடுத்தார்கள்.

அடுத்து, களத்தில் உயிர் போனவர்கள். இதில் எங்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கேமரூனின் மார்க் விவியன் ஃபோயே 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில் கொலம்பியாவுக்கு எதிரான கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதியில், பக்கத்தில் யாருமே இல்லாத நேரத்தில் மைய வட்டத்தில் சரிந்து விழுந்தார். 28 வயது. அதற்கு முந்தைய சீசனில்தான் அவர் மான்செஸ்டர் சிட்டியில் ஆடினார். சிட்டியின் பழைய மைதானமான மெய்ன் ரோட்டில் சிட்டி போட்ட கடைசி கோல் அவர் கால்களிலிருந்து வந்தது. சிட்டி அவருடைய 23ஐ எடுத்துவிட்டது. போர்ச்சுகல் கிளப்பான பென்ஃபிகா, 2004இல் களத்தில் விழுந்து இறந்த மிக்லோஷ் ஃபெஹரின் 29ஐ எடுத்தது. நெதர்லாந்து கிளப்பான அயாக்ஸின் அப்தெல்ஹக் நூரி இறக்கவில்லை, ஆனால் 2017 ஜூலையில் ஒரு நட்பு ஆட்டத்தில் விழுந்து மூளை பாதிக்கப்பட்டார், அப்போது அவருக்கு 20 வயது. அயாக்ஸ் 34ஐ எடுத்தது. அவருடைய கூட்டாளிகள் வேறு வேறு கிளப்புகளுக்குப் போய் அதே 34ஐக் கேட்டு வாங்கினார்கள்: ரோமாவில் ஜஸ்டின் க்ளைவர்ட், மான்செஸ்டர் யுனைடெட்டில் டோனி வான் டி பேக். அயாக்ஸ் 2019இல் வென்றது அவர்களுடைய 34ஆவது லீக் பட்டம்.

நம் நாட்டிலும் உண்டு, இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 2004 டிசம்பர் 5, பெங்களூர் கண்டீரவா மைதானம், ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். கோவாவின் டெம்போ அணிக்காக ஆடிய பிரேசில்காரர் கிறிஸ்டியானோ ஜூனியர் மோகன் பகானுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். இரண்டாவது கோலின்போது கீப்பரோடு மோதி விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. டெம்போ கோப்பையை வென்றது, அவருடைய 10ஐ எடுத்துவிட்டது. அன்றைக்கு மைதானத்தில் மருத்துவ வசதி சரியாக இருந்ததா என்று நாடு முழுக்க வாதம் நடந்தது. நம் போட்டிகளில் முதலுதவிப் பெட்டியும் ஒரு வண்டியும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் கத்துவதற்குக் காரணம் அதுதான், பொருளாளர் கவனிக்கவும்.

அவசரப்பட்டவர்கள் கதைக்கு வருவோம். பர்மிங்ஹாம் சிட்டி 2020இல் ஜூட் பெல்லிங்ஹாமின் 22ஐ எடுத்தபோது அவருக்கு வயது 17, அந்த அணிக்கு ஆடியது மொத்தம் 44 ஆட்டம், போட்டது 4 கோல். ஊரே சிரித்தது. அவரை வாங்கிய ஜெர்மன் கிளப் டார்ட்மண்ட் கொடுத்த பணம் பர்மிங்ஹாமுக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்பது வேறு கதை. அவர் பிறகு ரியல் மாட்ரிட் போய் என்னவானார் என்று பார்த்துவிட்டு, பர்மிங்ஹாம் செய்தது சரிதான் என்று சொல்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். எனக்கு இன்னும் அது உறுத்துகிறது. 44 ஆட்டத்துக்கு எண்ணை எடுத்தால் இருபது வருஷம் அங்கேயே உழைத்தவனுக்கு எதைக் கொடுப்பது?

கேரளா பிளாஸ்டர்ஸ் கதை இதைவிட வேடிக்கை. 2020இல் தடுப்பாட்டக்காரர் சந்தேஷ் ஜிங்கன் விலகியபோது அவருடைய 21ஐ மரியாதையாக எடுத்தார்கள். அவர் மோகன் பகான் பக்கம் போனார். 2022 பிப்ரவரியில் பிளாஸ்டர்ஸோடு ஆடிய ஆட்டம் முடிந்ததும் அவர் பேசிய ஒரு பேச்சு பெண்களையே இழிவுபடுத்துவதாக இருந்தது, பிறகு மன்னிப்பும் கேட்டார். ஆனால் ரசிகர்கள் விடவில்லை, அந்த 21ஐத் திரும்பக் கொண்டுவா என்று பிரச்சாரமே நடத்தினார்கள். சுனில் சேத்ரியையும் பாருங்கள்: 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராகக் கண்ணீரோடு விடைபெற்றார், 151 ஆட்டம், 94 கோல். இந்திய அணி அவருடைய 11ஐ உடனே எடுக்க வேண்டும் என்று நம் மன்றத்திலேயே சிலர் துடித்தார்கள். 2025 மார்ச்சில் மனிதர் திரும்பி வந்து மாலத்தீவுக்கு எதிராக 95ஆவது கோலைப் போட்டார். ஆள் ஓய்வு பெறுவதற்குள் நாம் எண்ணுக்கு ஓய்வு கொடுக்கக் கூடாது.

கிரிக்கெட்டில் சச்சினின் 10, தோனியின் 7 எடுக்கப்படவில்லையா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். ஷர்துல் தாக்கூர் 2017இல் 10 போட்டு இறங்கியதற்கு வாங்கிய வசவு கொஞ்சமா, 54க்கு ஓடிவிட்டார். ரசிகர்களின் கோபத்துக்குப் பயந்து எண்ணைப் பூட்டுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

எனக்குப் பிடித்தது வேறு வழி: எண்ணைப் பூட்டாமல் பொருத்தமான ஆளிடம் ஒப்படைப்பது. செவியாவின் அந்தோனியோ புவெர்ட்டா 2007 ஆகஸ்டில் களத்தில் விழுந்து மூன்று நாளில் இறந்தார். அவருடைய எண் 16. ஸ்பெயின் லீக்கில் முதல் அணி ஆட்டக்காரர்கள் 1 முதல் 25க்குள்தான் போட முடியும், ஆகவே எந்த எண்ணையும் நிரந்தரமாக எடுக்க விதி இடம் தராது. அவரோடு வளர்ந்த ஹெசூஸ் நவாஸ் 2017இல் திரும்பி வந்தபோது அந்த 16ஐத் தானே போட்டுக்கொண்டார். ஃபோயே முன்பு ஆடிய லியோன் கிளப் அங்கே அவர் போட்ட 17ஐ முதலில் எடுத்துவிட்டு, 2008இல் இன்னொரு கேமரூன்காரரான ழான் மகூனுக்குக் கொடுத்தது. ஜோட்டாவுக்கே வருவோமே. லிவர்பூல் 20ஐப் பூட்டியது, போர்ச்சுகல் தேசிய அணியில் அவர் போட்ட 21 அவருடைய உயிர் நண்பன் ரூபன் நெவஸுக்குப் போனது. இரண்டில் எது பெரிய மரியாதை என்று கேட்டு ஒரு கூட்டம் முழுவதும் சண்டை போட்டோம். நான் நெவஸ் பக்கம். அதே ஜூலையில் பார்சிலோனா மெஸ்ஸியின் 10ஐப் பதினெட்டு வயது லமின் யமாலுக்குக் கொடுத்தது. நடுவில் அன்சு ஃபாட்டி அதைச் சுமந்து தவித்ததையும் மறக்கக் கூடாது, அந்த எண் எல்லோர் முதுகுக்கும் ஒரே மாதிரி பொருந்துவதில்லை.

மிலன் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தது. 1977 முதல் 1997 வரை வேறெங்கும் போகாத தடுப்பாட்டக்காரர் பரேசியின் 6ஐ எடுத்தார்கள், சரி. 2009இல் பாவ்லோ மால்தீனியின் 3ஐ எடுத்தபோது, அவர் மகன்களில் ஒருவர் முதல் அணிக்கு வந்தால் அவருக்கு உண்டு என்று ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். மகன் டேனியல் வந்தார், ஆனால் 3ஐத் தொடாமல் வேறு எண் போட்டுத்தான் ஆடினார். அந்தப் பையன் புத்திசாலி என்று நினைக்கிறேன்.

நம் தீர்மானத்துக்கு வருகிறேன். அண்ணன் ஆடிய காலத்தையோ அவர் நமக்குச் செய்ததையோ யாரும் குறைத்துப் பேசவில்லை. மழையில் மைதானத்துத் தண்ணீரை வாளியால் இறைத்தது முதல், பையன்களுக்குக் கைக்காசில் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தது வரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாம் வாங்குவது 1 முதல் 16 வரையுள்ள செட். கடைக்காரர் 10ஐ விட்டுவிட்டுத் தைக்க மாட்டேன் என்கிறார், தைத்தாலும் விலை அதேதான். அதைவிட முக்கியம், 10ஐக் கேட்டு நம் பொடியன்கள் போடும் சண்டை. அந்த ஆசை இருப்பதால்தான் பாதிப் பேர் காலையில் எழுந்து பயிற்சிக்கு வருகிறார்கள்.

ஆகவே செயலாளரின் பரிந்துரை: 10ஐ எடுக்க வேண்டாம். அண்ணன் போட்ட பழைய ஜெர்சியை, முதுகில் 1 உரிந்துபோய் தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் 0 மட்டும் தெரியுமே, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மன்ற அறையில் மாட்டலாம். புது 10 யாருக்கு என்று ஒவ்வொரு வருஷமும் அண்ணனே முடிவு செய்யட்டும், அதில் செயற்குழு தலையிடக் கூடாது. களத்தில் யாருக்காவது ஏதாவது நேர்ந்தால் மட்டும் எண்ணை எடுப்பது பற்றி யோசிக்கலாம், அப்படி ஒரு நாள் வராமலே இருக்கட்டும்.

முன்மொழிந்தவர் இதை ஏற்கவில்லை என்று என்னிடம் நேரில் சொல்லிவிட்டார், அவர் பேச நேரம் ஒதுக்கியிருக்கிறேன். திருத்தம் கொண்டுவருபவர்கள் பொதுக்குழுவுக்கு முன் எழுத்தில் கொடுங்கள். சந்தா பாக்கி உள்ளவர்களுக்கு ஓட்டு இல்லை என்பது பழைய விதிதான், புதிதாக யாரையும் குறிவைத்து எழுதவில்லை. ஓட்டெடுப்பு முடிந்த மறுநாள் கடைக்காரருக்கு நம்பர் பட்டியல் போய்ச் சேர வேண்டும், ஏற்கெனவே அவர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

இப்படிக்கு,
செயலாளர்