கவசம் போட்டு நடக்கும் அம்மிணிக்கு

அன்பு அம்மிணி,

நீ அனுப்பிய வீடியோவை நானும் அம்மாவும் டிவியில் போட்டுப் பார்த்தோம். எல்லாரும் ஒரே வெள்ளைக் கவசம், ஒரே ஹெல்மெட். இதில் எது நம் பிள்ளை என்று அம்மா தேடிக்கொண்டே இருந்தாள். நான் கால்களை மட்டும்தான் பார்த்தேன். டிசம்பர் ஊர்வலத்தில் அணியை நடத்திப்போகும் பொறுப்பு உனக்கு வந்திருக்கிறது, ட்ரில் பற்றித் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் இன்னொன்றும் கேட்டிருந்தாய். நிஜப் பட்டாளத்தில் இருந்தவர் நீங்கள், நாங்கள் ஸ்டார் வார்ஸ் சினிமாச் சிப்பாய் வேஷம் போட்டு நடப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்காதா என்று. இல்லை கண்ணு. நிஜமாகச் சம்பாதிக்காத மெடலை நெஞ்சில் மாட்டிக்கொண்டு ஒருவன் திரிந்தால் எனக்குக் கோபம் வரும். நீங்கள் எந்த நாட்டு மெடலையும் தொடவில்லை, எந்தப் படையின் பட்டத்தையும் தோளில் ஏற்றிக்கொள்ளவில்லை. அந்தக் கோட்டைத் தாண்டாதவரை எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது.

உங்கள் ஸ்டார் வார்ஸ் ரசிகர் கூட்டமான 501வது லீஜியனைப் பற்றி நானும் தேடிப் படித்தேன். 1997இல் தென் கரோலினாவில் ஆல்பின் ஜான்சன் என்பவர் ஒரு நண்பரோடு சேர்ந்து ஆரம்பித்தது, இன்று நாடு நாடாகக் கிளை விட்டிருக்கிறது. படத்தில் வில்லன் கூட்டம், வெளியே ஆஸ்பத்திரிக் குழந்தைகளைப் பார்க்கப் போகிற கூட்டம். அதற்குக் கூலி வாங்குவதில்லை என்று படித்தபோது மனசு நிறைந்தது. அந்த ஜான்சனின் சின்ன மகள் மூளைக் கட்டியால் 2005இல் இறந்துபோனாளாமே. அவளுக்காக இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு ரோபோ செய்தார்களாம், ஆர்2-கேடி என்று. அதைப் படித்தபிறகு கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் ஓடவில்லை. அப்படிப்பட்டவர்களோடு நீ சேர்ந்து நடக்கிறாய் என்றால் நன்றாக நடக்க வேண்டும். ஏனோதானோ என்று நடக்கக் கூடாது.

உங்கள் ஆட்கள் நடந்துகாட்டியும் இருக்கிறார்கள். 2007 ஜனவரி 1ஆம் தேதி அமெரிக்காவின் பசடேனாவில் நடந்த ரோஸ் பரேடு என்ற புத்தாண்டு ஊர்வலத்துக்கு, ஸ்டார் வார்ஸை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் தலைமை தாங்கினார் இல்லையா, அன்றைக்குப் பல நாடுகளிலிருந்து வந்த 200 பேர் அளவில் கவசத்தோடு ஐந்தரை மைல் நடந்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட ஒன்பது கிலோமீட்டர். பூட்ஸ் போட்டுப் பழகியவனுக்கே அந்தத் தூரம் ஒழுங்கு குலையாமல் நடப்பது லேசு இல்லை. பிளாஸ்டிக் தகட்டுக்குள் தொடையை மாட்டிக்கொண்டு நடந்தவர்களுக்கு என் சல்யூட்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீலகிரி வெலிங்டனில் பட்டாளத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ட்ரில்லை நீ அப்படியே எடுத்துக்கொள்ளாதே. எங்கள் சாவ்தான், அதாவது விறைத்து நேராக நிற்கும் கட்டளை, என்றால் முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் குதிகாலால் தரையை அறைய வேண்டும். தேஜ் சல், அதாவது வேக நடை, என்றால் கை தோள் உயரத்துக்கு வர வேண்டும். உன் கவசத்தில் தோள் தகடும் நெஞ்சுத் தகடும் இடிக்கும், தொடைத் தகட்டைப் பிடித்திருக்கும் பட்டி அறுந்துபோகும். வீடியோவில் வலது ஓரத்தில் நின்றவர் காலைத் தூக்கி வைக்கப் பார்த்துத் தடுமாறினாரே, அதற்குக் காரணம் அதுதான். அமெரிக்க ராணுவ ட்ரில் உங்களுக்குப் பொருந்தும். அவர்கள் கையை முன்னால் 9 அங்குலம், பின்னால் 6 அங்குலம்தான் வீசுகிறார்கள். காலைத் தரையில் அறைவதும் கிடையாது. அடக்கமான நடை. கவசத்துக்கு அடக்கம்தான் அழகு.

ஆனால் அவர்கள் கணக்கான 30 அங்குல அடி உங்களுக்கு வராது. உங்களில் யார் எல்லாரையும்விடக் குட்டையோ, அவர் கவசத்தோடு சிரமப்படாமல் எட்டி வைக்கிற அடி எவ்வளவு என்று பார். அதுவே மொத்த அணிக்கும் அடி. பார்க்கிங் இடத்தில் சாக்பீஸால் கோடு கோடாகப் போட்டுக்கொண்டு, ஹெல்மெட் இல்லாமல், தலையைக் குனிந்தே கொஞ்ச நாள் நடங்கள். பிறகு நிமிர்ந்து நடங்கள். அதற்குப் பிறகு கவசம், கடைசியில் ஹெல்மெட். இந்த வரிசையை மாற்றாதே. வேகமும் அப்படித்தான். நிமிடத்துக்கு 120 அடி என்பது காலுக்குத் தடையில்லாதவனுக்கு. நீங்கள் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் குறைத்த வேகம் கடைசிவரை மாறக் கூடாது. ஊர்வலத்தில் பின்னால் ஒரு வண்டியில் பாட்டு ஓடும் என்றாய். அதன் தாளத்தை இப்போதே கேட்டு வாங்கு. காதில் ஒரு தாளம், காலில் ஒரு தாளம் என்றால் எந்தப் பட்டாளமும் பிசகும்.

நிற்க வைக்கும் முறை முக்கியம். நீங்கள் வந்த வரிசையில் நின்றுவிடுகிறீர்கள். எங்களிடம் ஒரு வார்த்தை உண்டு: லம்பா தாஹினே, சோட்டா பாயே. உயரமானவர் வலது பக்கம், குட்டையானவர் இடது பக்கம் என்று முதலில் ஒரே வரிசையாக நிற்க வேண்டும். அப்புறம் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி, ஒன்றுகள் முன்னுக்கும் இரண்டுகள் பின்னுக்கும் பிரிந்து, மூன்று வரிசையாகச் சேரும்போது, இரண்டு ஓரத்திலும் உயரமானவர்கள், நடுவில் குட்டையானவர்கள் என்று அமைந்துவிடும். பார்க்கிறவர் கண்ணுக்கு ஏற்ற இறக்கம் தெரியாது. உன் அணியில் ஆறடிக்காரரும் இருக்கிறார், உன்னைப் போல ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே உள்ளவரும் இருக்கிறார். இதை மட்டும் செய்தாலே பாதிக் குறை போய்விடும்.

இனி ஹெல்மெட். உன் பிரச்சினை எல்லாம் அதில்தான் இருக்கிறது. நாங்கள் வரிசை பிடிப்பது ஓரக்கண்ணால். தலை நேராக இருக்கும், ஆனால் பக்கத்தில் இருப்பவன் நெஞ்சு எங்கே இருக்கிறது என்று கண் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த ஹெல்மெட்டுக்குள் ஓரக்கண்ணே கிடையாது, கீழே பார்த்தால் சொந்தக் காலே தெரியாது என்று நீதான் சொன்னாய். அப்படியென்றால் உனக்கு மிஞ்சியது காதும் தோளும்தான். ஒரு காரியம் செய்து பார். எல்லாரையும் கவசம் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கை தூரத்தில் நின்று, நின்ற இடத்திலேயே கால் மாற்றச் சொல். எங்களுக்கு அது கதம் தால். முதலில் மழை பெய்வது போலக் கலந்து கேட்கும். சும்மா விடு, யாரையும் திருத்தாதே. கொஞ்ச நேரத்தில் தானாக ஒரே சத்தமாகச் சேரும். ஒவ்வொருவரும் தன் காலை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவர் காலைக் கேட்க ஆரம்பிப்பார்கள். ட்ரில் என்று நாங்கள் சொல்வது இதைத்தான் கண்ணு. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது விறைப்பு, அதட்டல், கட்டளை. உள்ளே நிற்பவனுக்கு, பார்க்காமலே பக்கத்தில் இருப்பவனை அறிந்துகொள்வது. என் வேலைக்காலம் முழுக்க நான் ரிக்ரூட்டுகளுக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். கையும் காலும் அதற்கு வழி மட்டும்தான்.

அதனால்தான் அதட்டாதே என்கிறேன். கத்துகிற உஸ்தாத்களை, அதாவது ட்ரில் சொல்லிக்கொடுப்பவர்களை, நிறையப் பார்த்திருக்கிறேன். ஆள் பயந்தால் தன்னை மட்டும்தான் நினைப்பான், பக்கத்தில் இருப்பவனைக் கேட்க மாட்டான். அதிலும் உங்கள் ஆட்கள் வேலை முடிந்து, பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, ஆசைக்காக வருகிறவர்கள்.

கட்டளை கொடுக்கும்போது இரண்டு துண்டாகக் கொடு. முதல் துண்டு எச்சரிக்கை, அதை இழு. இரண்டாவது செய்யச் சொல்வது, அதை வெட்டு. தே...ஜ், சல்! இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு இடம் இருக்க வேண்டும், கேட்டவன் மனசு தயாராவதற்கு. ஹெல்மெட்டுக்குள் காற்றாடி ஓடுகிறது, உன் குரலோ சின்ன ஸ்பீக்கர் வழியாகக் கரகரத்து வருகிறது. மெல்லிய எழுத்துகள் காணாமல் போகும். ஆகவே குட்டையான, தனித்தனியாகத் தெரிகிற வார்த்தைகளாகப் பொறுக்கிக்கொள். எல்லாக் கட்டளையும் இடது கால் தரையைத் தொடும்போதே வரட்டும், அவர்களும் எதிர்பார்த்துப் பழகுவார்கள்.

திருப்பத்தில் வெளி ஓரத்தில் இருப்பவர் எட்டி நடந்து எட்டிப்பிடிப்பது எங்கள் வழக்கம். உங்களால் எட்ட முடியாது. உள் ஓரத்தில் இருப்பவர் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே கால் மாற்றட்டும், வெளியே இருப்பவர் சாதாரண அடியிலேயே சுற்றி வரட்டும். முழுதாகத் திரும்புவது வேண்டவே வேண்டாம். அழகாகச் செய்ய முடியாததை ஊர் பார்க்கச் செய்யக் கூடாது.

உன் கையில் இருக்கும் துப்பாக்கியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதை எனக்குத் தெரியும் அம்மிணி! அது ஸ்டெர்லிங் சப்மெஷின் கன். இங்கிலாந்துக்காரர்களின் ஸ்டெர்லிங்கை எடுத்து, மேலே ஸ்கோப் வைத்து, குழாயில் பட்டைகள் ஒட்டித்தான் அந்தப் படத்துக்கு ஆயுதம் ஆக்கியிருக்கிறார்கள். அதே ஸ்டெர்லிங்கைக் கான்பூரில் உரிமம் பெற்றுச் செய்து கார்பைன் என்று எங்களுக்குக் கொடுத்தார்கள். 34 குண்டு மேகசின், இடது பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். குழாயை இடது பக்கம் பார்த்து நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்தால் மேகசின் உடம்புப் பக்கம் திரும்பி விலாவில் இடிக்கும். உன்னுடையதில் குட்டையாக்கி இருக்கிறார்கள், அந்தத் தொல்லை உனக்குக் குறைவு. அப்பா தூக்கி நடந்த ஆயுதத்தின் பொம்மையை நீ கடல் தாண்டிப் போய்த் தூக்கிக்கொண்டு நிற்கிறாய் என்று அம்மாவிடம் சொன்னேன், அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் பொம்மை என்றாலும் விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்கட்டும். குழாய் எந்தக் குழந்தையின் பக்கமும் திரும்பக் கூடாது. போட்டோவுக்குக் குறிபார்க்கச் சொல்லிக் கேட்டாலும் செய்யாதே. இதில் எனக்குச் சமாதானம் கிடையாது.

1983இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் பேரரசர் வந்து இறங்கும்போது வரிசை வரிசையாக நிற்கிறார்களே, யாரும் அசைவதில்லை. பயத்தைக் கொடுப்பது அந்த அசையாமைதான். எனவே நிற்பதற்கும் பயிற்சி கொடு. அதில் ஓர் ஆபத்து உண்டு. முழங்காலைப் பின்னுக்குத் தள்ளி இறுக்கிக்கொண்டு நெடுநேரம் நின்றால் ரத்தம் காலில் தங்கி ஆள் மயங்கி விழுவான். மைதானத்தில் திடகாத்திரமான பையன்கள் மரம் சாய்வது போல முகம் குப்புற விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். முழங்காலை ஒரு நூல் தளர்த்தி வைக்கச் சொல், பூட்ஸுக்குள் கால் விரல்களை மடக்கி விரித்துக்கொண்டே இருக்கச் சொல். வெளியே யாருக்கும் தெரியாது. காலையில் சாப்பிடாமல் யாரும் வரக் கூடாது. தலை சுற்றினால் காட்டுவதற்கு ஒரு கை ஜாடை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் முன்னால் ஹெல்மெட் கழற்றுவதில்லை என்ற உங்கள் வழக்கம் நல்லதுதான். ஆனால் தலை சுற்றுகிறவருக்கு அந்த வழக்கம் இல்லை என்று முதலிலேயே அறிவித்துவிடு.

நடுவில் ஒரு குழந்தை ஓடிவந்து யாருடைய காலையாவது கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று யோசித்து வைத்திருக்கிறாயா? நான் சொல்கிறேன். அந்த ஒருவர் மட்டும் நிற்கட்டும், குனிந்து கை கொடுக்கட்டும். அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் விலகிப் போய்விட்டு மறுபடி சேரட்டும், அணி நிற்க வேண்டாம். இதையும் பயிற்சியிலேயே ஒத்திகை பார், யாராவது குழந்தையைக் கூட்டிவரட்டும். எங்கள் மைதானத்தில் இதற்கு இடமில்லை. உங்களுக்கு அந்தக் குழந்தைதான் முக்கியம்.

மாப்பிள்ளை கவசம் போடாமல் கூடவே நடந்து வழி காட்டுகிறார் என்றாய். வரிசை கோணினால் சொல்ல வேண்டியவர் அவர்தான், அவர் ஒருவருக்குத்தான் அன்றைக்கு முழுக் கண் இருக்கும். அவர் பையில் தண்ணீர், ஸ்ட்ரா, அறுந்த பட்டிக்கு டேப், கத்தரி எல்லாம் இருக்கட்டும்.

அடுத்த பயிற்சி வீடியோவைப் பக்கவாட்டில் நின்று எடுக்கச் சொல். முன்னால் இருந்து எடுத்தால் கால் பிசகுவது தெரியாது. அணியில் யார் யார் எவ்வளவு உயரம் என்று எழுதி அனுப்பு, நிற்கும் வரிசையை நானே போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா