‘எத்தனை எம்.எம்.?’ என்பது ஸ்பேசர் வாங்கும்போது கடைசிக் கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காருக்கு அகலமான டயரும் அலாய் வீலும் மாட்டுகிறவர்களில் பலர் இப்போது கூடவே வீல் ஸ்பேசரும் கேட்டு வாங்குகிறார்கள். சக்கரம் பொருத்தப்படும் சுழலும் மையப் பாகமான ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைக்கும் வட்டத் தகடு அது. அதன் கனம் எவ்வளவோ அவ்வளவு தூரம் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். மட்கார்டு விளிம்புக்கு நேராக டயர் வந்து நின்றால் வண்டிக்குத் தனி எடுப்பு வந்துவிடுகிறது. அந்த ஆசையில் குறை காண இதை எழுதவில்லை. கடைகளில் நடக்கும் பேச்சு “பத்து எம்.எம்.மா, இருபது எம்.எம்.மா” என்பதோடு முடிந்துவிடுகிறதே என்பதுதான் எங்கள் கவலை. கனத்தைக் கடைசியாகத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன்பு தெரிந்தாக வேண்டிய அளவுகள் நான்கு இருக்கின்றன. அவற்றில் ஒன்று பிசகினாலும் நட்டு தளரும், ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் மரைக் கம்பியான ஸ்டட் ஒடியும், ஓடுகிற வண்டியிலிருந்து சக்கரம் கழன்று போகும்.

ஸ்டட்டுகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம் பி.சி.டி. ஹப்பின் நடுவில் மேடாக நிற்கும் உதட்டின் விட்டம் சென்டர் போர். மூன்றாவது ஸ்டட்டின் கனமும் மரையும். நான்காவது, நட்டு உட்காரும் குழியின் வடிவம். நம் சாலைகளில் அதிகம் ஓடும் வண்டிகளையே எடுத்துக்கொள்வோம். மாருதி ஸ்விஃப்ட், பலேனோ இரண்டுக்கும் நான்கு ஸ்டட், பி.சி.டி. 100, சென்டர் போர் 54.1 மி.மீ. ஹூண்டாய் ஐ20-க்கும் அதே 100, அதே 54.1. இதைப் பார்த்துவிட்டு “இதற்கு அது சேரும்” என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் மாருதியின் மரை எம்12×1.25, ஹூண்டாயின் மரை எம்12×1.5 (12 என்பது ஸ்டட்டின் விட்டம்; 1.25, 1.5 என்பவை ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம், எல்லாம் மி.மீ.). நட்டு ஒன்றிரண்டு சுற்று கையால் ஏறும். பிறகு ஏர் கன் வைத்து அடித்தால் மரையை மென்றுகொண்டே உள்ளே போகும். வெளியே பார்க்க இறுகியதுபோல் இருக்கும், பிடிமானம் இருக்காது. டொயோட்டா கிளான்சாவில் இன்னொரு மயக்கம் உண்டு. பெயர் டொயோட்டா என்றாலும் வண்டி பலேனோதான், ஆகவே மரை 1.25. டொயோட்டா என்று நினைத்து 1.5 நட்டு எடுத்தால் கெட்டது.

ஹோண்டா சிட்டிக்கும் பி.சி.டி. 100-தான். ஆனால் சென்டர் போர் 56.1. சிட்டியின் ஸ்பேசரை ஸ்விஃப்டில் போட்டால் ஹப்பைச் சுற்றிப் பக்கத்துக்கு 1 மி.மீ. இடைவெளி விழும். ஸ்பேசர் எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருகிறதோ அந்தப் பக்கமே சக்கரத்தின் மையமும் நகரும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் 80, 90 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் ஆடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். கிரெட்டாவும் இன்னோவா கிரிஸ்டாவும் அதே மாதிரி: இரண்டுக்கும் ஐந்து ஸ்டட், பி.சி.டி. 114.3. கிரெட்டாவின் போர் 67.1, இன்னோவாவின் போர் 60.1. கிரெட்டாவின் ஸ்பேசரை இன்னோவாவில் போட்டால் பக்கத்துக்கு 3.5 மி.மீ. இடைவெளி ஆகிவிடும். நான்கைந்து பி.சி.டி.க்கும் சேர்த்து நீள்துளை போட்டு ‘யுனிவர்சல்’ என்று விற்பதை எந்த வண்டிக்கும் வாங்கக் கூடாது. நட்டின் அழுத்தம் விழ வேண்டிய இடத்தில் அதில் உலோகமே இருக்காது.

வெளிச்சந்தை அலாய் வீல் போட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வீல்களில் பலவற்றின் நடுத்துளை பல வண்டிகளுக்கும் சேரட்டும் என்று 73.1 மி.மீ. அளவில் வெட்டப்பட்டிருக்கும். ஸ்பேசரின் உள்துளை காரின் ஹப்புக்குப் பொருந்தினால் மட்டும் போதாது, அதன் வெளி உதடு வீலின் துளைக்கும் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் இடைவெளியை நிரப்பச் சரியான அளவு வளையம் (ஹப் ரிங்) வேண்டும். வீலைக் கழற்றி உள்பக்கத் துளையை வெர்னியரால் அளந்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

சக்கரத்தை ஸ்டட்டுகள்தான் தாங்குகின்றன என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தாங்குவது அழுத்தம். எம்12 ஸ்டட்டை 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் ஒவ்வொரு ஸ்டட்டும் ஏறத்தாழ 4 டன் விசையில் வீலை ஹப்போடு இழுத்துப் பிடிக்கிறது. நான்கும் சேர்ந்தால் 16, 17 டன். அந்த இறுக்கத்தில் முகமும் முகமும் உரசிப் பிடித்துக்கொள்வதால்தான் சக்கரம் நகராமல் நிற்கிறது. அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் இப்படியும் அப்படியும் வளையும். மரையின் அடியில் மயிரிழை விரிசல் விழும். சில நூறு கிலோமீட்டர் கழித்து ஒன்று ஒடியும், அதன் சுமை அடுத்ததில் ஏறும். ஸ்பேசர் விஷயத்தில் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் இந்த அழுத்தம் நிலைக்குமா என்பதற்காகத்தான்.

கனத்துக்கு இப்போது வரலாம். ஸ்பேசரில் இரண்டு வகை. பழைய ஸ்டட்டின் மேல் அப்படியே செருகுவது ஒன்று. ஹப்போடு தனி நட்டால் இறுக்கி, தன் மேலேயே புது ஸ்டட்டுகள் வைத்திருக்கும் போல்ட் வகை மற்றொன்று. செருகு வகையில் ஸ்பேசரின் கனம் முழுவதும் மரையிலிருந்து கழிகிறது. நட்டுக்குள் மரை குறைந்தபட்சம் ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது ஏற வேண்டும். எம்12 ஸ்டட் என்றால் 12 மி.மீ. சுற்றுக் கணக்கில் 1.5 மரைக்கு 8 முழுச் சுற்று, 1.25 மரைக்கு 10. சோதிப்பது சுலபம்: ஸ்பேசரையும் வீலையும் மாட்டி நட்டைக் கையால் முழுவதும் ஏற்றுங்கள். பிறகு எண்ணிக்கொண்டே கழற்றுங்கள். ஆறாவது சுற்றில் நட்டு கையோடு வந்துவிட்டால் அந்த ஸ்பேசர் அந்த ஸ்டட்டுக்கு ஆகாது. கம்பெனி ஸ்டட்டோடு 3 அல்லது 5 மி.மீ. வரை பெரும்பாலும் சரிப்படும். அதற்கு மேல் போனால் நீள ஸ்டட் மாற்ற வேண்டும். அதையும் பிரஸ்ஸில் வைத்துத்தான் மாற்ற வேண்டும். ஹப் வண்டியில் இருக்கும்போதே சுத்தியலால் அடித்து ஏற்றினால் அந்த அடி பேரிங்கில் விழுகிறது.

செருகு வகையில் 8, 10 மி.மீ. தகடு இன்னொரு சிக்கலையும் கொண்டுவரும். ஹப்பின் உதடு அந்தக் கனத்துக்குள்ளேயே மறைந்துவிடும். வீலை மையத்தில் பிடிக்க எதுவும் மிஞ்சாது. அந்தக் கனம் தேவை என்றால் தனக்கென்று உதடு உள்ள ஸ்பேசராகத்தான் பார்க்க வேண்டும்.

போல்ட் வகை கனமான அளவுகளுக்கு உரியது. 20 மி.மீ.க்குக் கீழே அதைத் தேடவே வேண்டாம், 25 இருந்தால் நல்லது. இதில் மாட்டிக்கொள்ளும் இடம் காரின் பழைய ஸ்டட்டுகளின் நுனி. ஸ்பேசரை ஹப்பில் மாட்டி இறுக்கியபின் அதன் முகத்தின் குறுக்கே ஒரு இரும்பு ஸ்கேலை வையுங்கள். ஸ்டட்டின் நுனி ஸ்கேலைத் தூக்கினால், வீலின் பின்பக்கத்தில் அந்த இடத்தில் குழி இருக்கிறதா என்று பாருங்கள். குழி இல்லை என்றால் வீல் ஸ்பேசரின் முகத்தில் உட்காராது, நான்கு நுனிகளின் மேல் நிற்கும். அந்த நிலையில் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் முறுக்கு விசையை, அதாவது டார்க்கை, அளந்து காட்டும் ஸ்பேனர்) சரியான அளவையே காட்டும், ஆனால் முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்காது. ஸ்டட்டின் நுனியை அறுத்துக் குறைப்பது இதற்குத் தீர்வல்ல. ஸ்பேசரை எடுத்த பிறகு அந்த ஸ்டட் எதற்கும் உதவாது.

போலோ போன்ற ஃபோக்ஸ்வாகன் வண்டிகளில் ஸ்டட் கிடையாது. எம்14×1.5 போல்ட் வெளியிலிருந்து உள்ளே ஏறுகிறது. அதன் தலை உருண்டையாக உட்காரும் வடிவம். வெளிச்சந்தை வீல்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்புக் குழி. உருண்டைத் தலையைக் கூம்புக் குழியில் இறுக்கினால் ஒரு மெல்லிய வளையம்தான் தொடும். ஹோண்டாவின் கம்பெனி நட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். போல்ட் வண்டிக்கு 10 மி.மீ. ஸ்பேசர் போட்டால் போல்ட்டும் சரியாக 10 மி.மீ. நீளமாக வேண்டும். நீளம் குறைந்தால் மரை போதாது. கூடினால் பின்சக்கர டிரம்முக்குள் ஹேண்ட்பிரேக் பாகங்களில் போய் இடிக்கும். போல்ட்டை ஏற்றியதும் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்காமல் வண்டியை இறக்கக் கூடாது.

கோவையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. அலுமினியத் துண்டைக் கடைந்து ஸ்பேசர் செய்து தருகிறார்கள். கைத்திறனில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். சிக்கல் உலோகத்தில்தான். ஸ்பேசருக்கு 6061-டி6 அல்லது 7075-டி6 தரம் வேண்டும். உருக்கி ஊற்றிய பழைய அலுமினியம் நட்டின் அழுத்தத்தில் அமுங்கும், வண்டி சாலைக் குழியில் விழும் அடியில் வெடிக்கும். இரண்டு முகங்களும் இணையாக இருப்பதும் முக்கியம். 140 மி.மீ. விட்டமுள்ள ஸ்பேசரில் ஒரு பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் கனம் 0.1 மி.மீ. வேறுபட்டாலே, 600 மி.மீ. விட்டமுள்ள டயரின் விளிம்பில் அது 0.4 மி.மீ.க்கு மேல் ஆட்டமாகும். மைக்ரோமீட்டரால் நான்கு இடத்தில் அளந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு ஸ்பேசரை அடுக்குவது, வாஷர் கொடுத்து உயர்த்துவது இரண்டையும் யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

மாட்டும் வேலையில் முக்கால் பங்கு சுத்தம் செய்வதுதான். ஹப் முகத்தின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் பளபளப்பு வரும்வரை தேய்க்க வேண்டும். புது வண்டிகளில் டிஸ்க்கைப் பிடிக்க ஸ்டட்டில் ஒரு தகட்டுக் கிளிப் இருக்கும், டிஸ்க்கின் திருகுத் தலை துருத்திக்கொண்டிருக்கலாம். அவை ஸ்பேசரின் அடியில் சிக்கக் கூடாது. ஸ்பேசரின் முகத்தில் கனமாகப் பெயின்ட் இருந்தால் அது நாளடைவில் நசுங்கி இறுக்கம் தளரும். ஸ்டட் மரையில் கிரீஸோ எண்ணெயோ போடாதீர்கள். அதே டார்க்குக்கு ஸ்டட் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதி அளவு கூட, அதிகமாக இழுபடும். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அலுமினியமும் இரும்பும் உப்புக் காற்றில் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். அங்கே ஹப் உதட்டில் மட்டும் மெல்லிய பூச்சு போதும்.

நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று தவணையில், டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். ஹோண்டா சிட்டிக்கு 108 நியூட்டன் மீட்டர், போலோவுக்கு 120. 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி பார்க்க வேண்டும். போல்ட் வகையில் இது பலருக்கும் தெரிவதில்லை: வெளியே தெரியும் நட்டைச் சோதித்தால் பாதி வேலைதான் முடிந்தது. ஸ்பேசரை ஹப்போடு பிடித்திருக்கும் உள்நட்டுகளைப் பார்க்க வீலைக் கழற்றியே ஆக வேண்டும். பஞ்சர் கடையில் வீல் கழன்றால் அங்கேயே உள்நட்டையும் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் வண்டியின் நடத்தை மாறத்தான் செய்யும். பக்கத்துக்கு 20 மி.மீ. தள்ளினால் சக்கரச் சுமை பேரிங்கை அவ்வளவு தூரத்திலிருந்து நெம்புகிறது. முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளில், டயர் தரையைத் தொடும் மையமும் ஸ்டியரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளியும் எவ்வளவு நெருங்கியிருக்க வேண்டும் என்பது கணக்குப் பார்த்து அமைத்தது. பல வண்டிகளில் ஒரு பக்க பிரேக் வலுவிழந்தாலும் வண்டி நேராக நிற்க அதுதான் துணை. ஸ்பேசர் அந்தக் கணக்கைக் கலைக்கிறது. குழியில் விழுந்தால் ஸ்டியரிங் கையை உதறும், ஒரு பக்கச் சக்கரம் மணலில் ஏறினால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். முன்னால் மட்டும் போடுவதை எந்த வண்டிக்கும் பரிந்துரைக்க மாட்டோம். மழையில் வேகமாகத் திருப்பும்போது பின்பக்கம் விலகும் போக்கு கூடும்.

டயர் வெளியே எவ்வளவு வரும் என்பதற்கு மட்கார்டு விளிம்பிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் பக்கவாட்டுக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். ஐந்து பேர் ஏறி, டிக்கியில் சாமானும் வைத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்க்க வேண்டும். காலி வண்டியில் உரசாதது பாரத்தில் உரசும். புதிதாக வீல் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு: வீலின் ஆஃப்செட்டிலிருந்து (வீலின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம்; வீலில் ‘இடி’ என்று குறித்திருக்கும்) ஸ்பேசரின் கனத்தைக் கழித்தால் கிடைப்பதே உங்களுக்குத் தேவையான ஆஃப்செட். இடி 45 வீலில் 10 மி.மீ. போட்டால் இடி 35. அப்படியென்றால் இடி 35 உள்ள வீலையே கேட்டு வாங்கலாமே! இடையில் ஒரு தகடும், கூடுதல் நட்டும், கூடுதல் கவலையும் இல்லாமல் போகும். எங்கள் முதல் பரிந்துரை எப்போதும் இதுதான்.

ஸ்பேசரே ஆகாது என்று சொல்லவில்லை. வீல் உள்பக்கத்தில் ஷாக் அப்சார்பரையோ பிரேக் காலிப்பரையோ உரசும் நிலையில் 3, 5 மி.மீ. தகடு நியாயமான தீர்வு. போர்ஷே நிறுவனமே 911 காருக்கு 5 மி.மீ. ஸ்பேசரைத் தன் உதிரிபாகமாக விற்றிருக்கிறது. ஜெர்மனியில் சோதனைச் சான்று பெற்ற ஸ்பேசரைத்தான் சாலையில் ஓட்டலாம். நம் நாட்டில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டியின் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாட்டிக் கொடுத்த கடைக்காரர் அல்ல, உரிமையாளர்தான் பதில் சொல்ல வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம் இழப்பீடு கேட்கும்போது தகராறாகும்.

அதனால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்பேசர் வாங்கும் கடையில் பி.சி.டி., உள் போர், வெளி உதடு, மரை, கனம், உலோகத் தரம் ஆறையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பொருளின் மேலும் அந்த அளவுகள் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். எழுதித் தர மறுக்கும் கடையில் பணத்தைக் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வீல் அலைன்மென்ட் தொழிலாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.