கம்ப்யூட்டர் வகுப்பை எங்கள் வேகத்துக்கு நடத்துங்கள்: மூத்தோர் சார்பில் ஒரு கோரிக்கை மனு

பெறுநர்: தொகுதி இயக்குநர் அவர்கள், எங்கள் வட்டாரச் சமூக மன்றம், சிங்கப்பூர்.

அனுப்புநர்: வட்டாரத்து மூத்த குடியிருப்பாளர்கள் சார்பில் ஒருவர்.

பொருள்: மூத்தோருக்கான கம்ப்யூட்டர் கருத்தரங்கைத் தொடர் வகுப்பாக, தமிழ் விளக்கத்தோடு நடத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு வணக்கம்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன், குறை சொல்ல ஆரம்பித்தால் அப்புறம் மறந்துவிடும். போன மாதம் மன்றத்தில் மூத்தோருக்காக நடத்திய இரண்டு மணி நேரக் கம்ப்யூட்டர் கருத்தரங்குக்கு நாங்கள் ஏழு தமிழர்கள் வந்திருந்தோம். இடம் நன்றாக இருந்தது, மைலோவும் கறிப்பப்பும் கொடுத்தார்கள், ஏர்கான் குளிர்தான் கொஞ்சம் அதிகம், அடுத்த தடவை எல்லோரும் சுவெட்டர் கொண்டுவருவோம், அதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். ஆனால் வெளியே வந்து கோப்பிக்கடையில் உட்கார்ந்து "யாருக்கு என்ன புரிந்தது" என்று கேட்டபோது ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதனால்தான் இந்த மனு.

என்னைப் பற்றிக் கொஞ்சம். வயது எழுபது. செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். கப்பலின் இன்ஜின் அறையில் இருட்டுக்குள் கையை விட்டே எந்த வயர் எங்கே போகிறது என்று சொல்லிவிடுவேன். அதே ஆள்தான் இன்றைக்குத் திரையில் தெரியாமல் திறந்துவிட்ட ஒன்றை எப்படி மூடுவது என்று தெரியாமல் முழிக்கிறேன். எங்களுக்கு மூளை இல்லாமல் இல்லை ஐயா, பழக்கம்தான் இல்லை. பழக்கம் இரண்டு மணி நேரத்தில் வராது. பட்டறையில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர், ஒரே இணைப்பை இருபது தடவை பிரித்துக் கட்டச் சொல்வார்.

அன்றைக்கு நடந்த ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், மற்றதைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம். என் பக்கத்தில் எதிர் புளோக் அக்கா உட்கார்ந்திருந்தார். மேசைத் திரையில் ஒரு ஃபோல்டர், அதை இரண்டு தடவை தட்டித் திறக்க வேண்டும். அக்காவுக்கு விரல் மூட்டுகளில் வாதம். தட்டும்போது, அழுத்திய பொத்தானை விடுவதற்குள் மவுஸ் கொஞ்சம் நகர்ந்துவிடும். உடனே கம்ப்யூட்டர், இந்த அம்மா ஃபோல்டரை இழுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அதைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிடும். மூன்றாவது தடவை அது பக்கத்திலிருந்த இன்னொரு ஃபோல்டருக்குள் விழுந்து கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. "நான் எதையோ கெடுத்துட்டேன் போல தம்பி" என்று சொல்லிக் கையை மடியில் வைத்துக்கொண்டார். பயிற்றுநர் வந்தார், நல்ல பையன், சிரித்த முகம், மவுஸை வாங்கி டக் டக் என்று நாலு தட்டு, எல்லாம் சரியாகிவிட்டது. "ஓகே ஆன்ட்டி?" "ஓகே." அதற்குப் பிறகு அக்காவின் கை கடைசிவரை மவுஸ் பக்கமே போகவில்லை. அவருடைய பெயருக்கு நேரே "பங்கேற்றார்" என்று உங்கள் ஆவணத்தில் பதிவாகியிருக்கும்.

வீட்டுக்கு வந்து பேரனிடம் கேட்டேன். "தாத்தா, ஒரு தடவை தட்டிட்டு எண்டர் அழுத்துங்க, அதே வேலைதான்" என்றான். அதோடு மவுஸ் அமைப்புக்குள் போனால் இரட்டைத் தட்டின் வேகத்தைக் குறைக்க ஒரு பட்டை இருக்கிறது, அதை இடது பக்கம் தள்ளிவிட்டால் மெதுவாகத் தட்டினாலும் கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும் என்று காட்டினான். எழுத்தைப் பெரிதாக்கலாம், அம்புக்குறியையும் பெரிதாக்கலாம். எல்லாம் ஏற்கெனவே அதற்குள்ளேயே இருக்கிறது. மூத்தோர் வகுப்புக்கென்று வைத்திருக்கிற கணினிகளில் இதை முன்கூட்டியே செய்து வைக்க எவ்வளவு நேரம் ஆகும் சொல்லுங்கள், ஒரு காலை போதாதா?

அடுத்தது பாஸ்வேர்ட். எங்களில் பாதிப் பேர் பாஸ்வேர்டை 555 நோட்டுப் புத்தகத்தில்தான் எழுதி வைத்திருக்கிறோம், கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி எழுதுவோமே, அதே சின்னப் புத்தகம். வகுப்பில் "எங்கேயும் எழுதி வைக்காதீர்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். சரி, எழுதவில்லை, எப்படி நினைவில் வைப்பது? அரசாங்கச் சேவைகளுக்குள் நுழைகிற சிங்பாஸுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று. முழுசாக எழுதாமல் நமக்கு மட்டும் புரிகிற குறிப்பாக எப்படி எழுதுவது, சிங்பாஸ் செயலியில் முகத்தையோ கைரேகையையோ வைத்து நுழைவது எப்படி என்றெல்லாம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் அந்த 555 புத்தகம் தானாக அலமாரிக்குப் போய்விடும். செய்யாதே என்று மட்டும் சொன்னால் நாங்கள் தலையை ஆட்டிவிட்டு வந்து மறுபடியும் எழுதத்தான் செய்வோம்.

மோசடி விஷயமும் இப்படித்தான். 2024இல் மட்டும் இங்கே மோசடியில் போன பணம் 1.1 பில்லியன் வெள்ளிக்கு மேல் என்று காவல்துறையே சொன்னது. வகுப்பில் "சந்தேகமான இணைப்பைத் தட்டாதீர்கள்" என்றார்கள். எது சந்தேகமானது என்று தெரிந்தால் நாங்கள் ஏன் வகுப்புக்கு வரப்போகிறோம்! எங்கள் குழுவில் ஒருவருக்குப் பார்சல் வந்திருப்பதாகக் குறுஞ்செய்தி வந்தது. இணைப்பில் "கவ்" (gov) என்ற எழுத்துகள் இருந்ததைப் பார்த்து அரசாங்கம்தான் என்று நம்பித் தட்டிவிட்டார், நல்ல வேளை மகள் பக்கத்தில் இருந்து தடுத்தாள். முகவரியில் "https://" போக அடுத்து வருகிற முதல் சாய்கோட்டுக்குச் சரியாக முன்னால் எதில் முடிகிறது என்று பார்க்க வேண்டும், நடுவில் எங்கே "கவ்" இருந்தாலும் கணக்கில்லை என்று அந்தப் பெண் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள். பத்து நிமிடம்தான் ஆனது. 2024 ஜூலையிலிருந்து ஒருசில அமைப்புகளுடையதைத் தவிர அரசாங்கக் குறுஞ்செய்திகள் "கவ்.எஸ்ஜி" (gov.sg) என்ற ஒரே பெயரில்தான் வரும் என்பதும், சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம் என்பதும் எங்களில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. உண்மையானது ஐந்து, பொய்யானது ஐந்து என்று பத்துச் செய்திகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்து எது எது என்று பிரிக்கச் சொல்லுங்கள், நாங்கள் சண்டை போட்டுக்கொண்டே கற்றுக்கொள்வோம்.

இப்போது மொழிக்கு வருகிறேன். கருத்தரங்கு ஆங்கிலத்தில் நடந்தது. சீன மூத்தோர் பக்கத்தில் ஒரு தொண்டூழியர் நின்று மாண்டரினில் மெதுவாக விளக்கினார், அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, அழகாகச் செய்தார். அதே மாதிரி எங்கள் பக்கமும் ஒருவர் நிற்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஆங்கிலம் எங்களுக்குத் தெரியாது என்றில்லை, பேருந்திலும் சந்தையிலும் அதைப் பேசித்தான் காலம் ஓட்டினோம். ஆனால் புரியாத ஒன்றை முதல் தடவை கேட்கும்போது அது சொந்த மொழியில் வந்தால் மனதில் நிற்கிறது. அதற்காக மவுஸைச் "சொடுக்கி" என்று சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. ஒரு கையேட்டில் அப்படிப் பார்த்துவிட்டு, இது என்ன புது இயந்திரம் என்று கேட்டவர்கள் எங்களிடம் உண்டு. மவுஸ் மவுஸாகவே இருக்கட்டும். அதை என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் சொன்னால் போதும்.

இதை வேறெந்த ஊரிலாவது கேட்டால் பரவாயில்லை. தமிழை இணையத்தில் ஏற்றியவர்களில் முன்னோடி நம்மூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. தமிழ் இணைய மாநாடுகளில் முதலாவது 1997 மே மாதம் நடந்தது சிங்கப்பூரில்தான். அப்போது எனக்கு நாற்பது சொச்சம் வயது, அது நடந்ததே தெரியாமல் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது வேறு கதை. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத வழி தேடி உலகத் தமிழர்கள் வந்து கூடிய ஊரில், சமூக மன்றத்துக் கம்ப்யூட்டரில் தமிழ் விசைப்பலகையைப் போட்டுத் தாருங்கள் என்று நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தமிழ் தட்டச்சு எதற்கு என்று கேட்கலாம். எங்களில் ஒருவருக்குத் தமிழ் முரசு நாளிதழுக்குக் கடிதம் எழுத வேண்டும், இத்தனை வருஷமாகக் கையால் எழுதி மருமகளிடம் தட்டித்தரச் சொல்லிக் கெஞ்சுகிறார். இன்னொருவர் கோயில் கணக்கை எக்ஸெலில் வைக்க ஆசைப்படுகிறார். அந்த அக்காவுக்கு ஊரில் இருக்கிற தங்கைக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினால் தங்கை வீட்டில் எல்லோரும் கேட்டுவிடுகிறார்களாம். இதெல்லாம் கைப்பேசியின் சின்னத் திரையில் எங்கள் கட்டைவிரலால் ஆகிற வேலையில்லை. 2020இலிருந்து மின்னிலக்கத் தூதர்கள் சமூக மன்றங்களில் உட்கார்ந்து பொறுமையாகக் கைப்பேசி சொல்லிக்கொடுக்கிறார்கள், அரசாங்கம் வீடுகளுக்குத் தருகிற சிடிசி பற்றுச்சீட்டை எப்படித் திறப்பது என்று எனக்குக் காட்டியதே அப்படி ஒரு பெண்தான், அதை மறக்க மாட்டேன். கைப்பேசிக்கு அவர்கள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு யாரும் இல்லை, அந்த இடைவெளியைத்தான் நிரப்பச் சொல்கிறோம்.

ஒருநாள் கருத்தரங்குக்குப் பதிலாக எட்டு வாரம், வாரம் ஒரு நாள், அதே கிழமை, அதே நேரம், முடிந்தால் அதே ஆசிரியர். ஒரு வகுப்பில் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். முதல் அரை மணி நேரம் போன வாரம் செய்ததையே மறுபடியும் செய்ய விடுங்கள், எங்களுக்கு அது போரடிக்காது. பயிற்றுநர்களிடம் ஒன்றே ஒன்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: மவுஸை எங்கள் கையிலிருந்து வாங்கக் கூடாது. வாயால் சொல்லட்டும், நாங்கள் தப்பாகவே தட்டட்டும், கம்ப்யூட்டர் ஒன்றும் வெடித்துவிடாது. காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரைக்குள் முடிந்தால் நல்லது, ஏனென்றால் அதற்குப் பிறகு சமையல், ஒன்றரை மணிக்குப் பேரப்பிள்ளையைத் தொடக்கப்பள்ளி வாசலில் போய் அழைத்துவர வேண்டும். போன தடவை இரவு ஏழரைக்கு வைத்ததால் வர முடியாமல் போன பாட்டிகள் எங்கள் புளோக்கிலேயே நாலு பேர்.

தமிழில் விளக்க ஆள் எங்கே என்று தாங்கள் கேட்பீர்கள். மன்றத்திலேயே இந்தியர் நற்பணிச் செயற்குழு இருக்கிறது, அவர்களிடம் பேசிப் பார்க்கலாம். பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் தமிழ் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், சமூக சேவைக்கு எப்படியும் நேரம் ஒதுக்குகிறார்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு மூத்தோர் என்று விட்டால் நாங்கள் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்வோம், பிள்ளைகள் தமிழில் பேசிப் பழகுவார்கள், நாங்கள் திட்டினாலும் தமிழில்தானே திட்டுவோம்! கட்டணம் வேண்டுமென்றால் நியாயமாக ஒன்று வையுங்கள், கட்டுகிறோம்.

கடைசியாக, பதிவு. கம்ப்யூட்டர் வகுப்பில் சேரப் போனால் முகப்பில் இருந்த பெண் "அங்கிள், இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து இணையத்தில் பதிந்துகொள்ளுங்கள்" என்கிறார். நீச்சல் கற்க வந்தவனை நடுக்குளத்தில் படிவம் நிரப்பச் சொன்ன மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை, அவருக்குச் சொல்லப்பட்ட வேலை அது. மூத்தோர் வகுப்புகளுக்கு மட்டுமாவது முகப்பில் ஒரு காகிதப் படிவம் வையுங்கள். பேருந்து, ரயிலுக்கான பழைய ஈஸி-லிங்க் கட்டண அட்டையை நிறுத்தப் போவதாகச் சொன்ன முடிவையே 2024 ஜனவரியில் மக்கள் சொன்னதைக் கேட்டு மாற்றிக்கொண்ட அரசாங்கம் இது, ஒரு காகிதப் படிவம் கேட்பது பெரிய விஷயமாக இருக்காது என்று நம்புகிறேன்.

இந்த மனுவைக் கையால் எழுதி, பேரனை உட்கார வைத்துக்கொண்டு நானே தட்டினேன், நான்கு நாள் ஆனது. தங்களுக்கு நேரம் இருந்தால் நேரில் பேச வருகிறோம். செவ்வாய்க்கிழமைகளில் காலை எட்டு மணிக்கு மன்றத்துக்கு எதிரே உள்ள கோப்பிக்கடையில் ஏழு பேரும் இருப்போம், மின்விசிறிக்குக் கீழே இருக்கிற மேசை. கருத்தரங்கில் கொடுத்த கையேட்டையும் கொண்டுவருகிறோம், புரியாத இடங்களில் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருக்கிறோம், பதினான்கு பக்கத்தில் பதினொன்றில் சிவப்பு இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வட்டாரத்து மூத்த குடியிருப்பாளர்கள் ஏழு பேர்
(கையொப்பங்கள் இணைப்பில், அக்கா மட்டும் தன் பெயரைத் தானே தட்டச்சு செய்வதாகச் சொல்லியிருக்கிறார், வகுப்பு தொடங்கியதும் சேர்த்துக்கொள்ளவும்)