இலவ மரத்துக்கு ஒரு வக்காலத்து

கல்லிடைக்குறிச்சி,
மாசி மாதம்.

அன்புத் தோழிக்கு,

ஏட்டி, கடிதமும் பேத்தி எடுத்த போட்டோவும் கிடைத்தன. டொரண்டோ பனியில் நிற்கிற அந்த மேப்பிள் மரத்தைப் பற்றி, "ஒரு இலைகூட இல்லாம மூளியா நிக்கு, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு" என்று எழுதியிருந்தாயே, படித்ததும் சிரித்துவிட்டேன். அதே வாரம்தான் ஒரு மொட்டை மரத்துக்காக நான் தெருவில் நின்று சண்டை போட்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் போகிற வழியில், கன்னடியன் கால்வாய் ஓரத்து இலவ மரம் ஞாபகம் இருக்கா? தையிலேயே சுத்தமாக உதிர்த்துவிட்டது. எதிரே புதுசாகக் குடிவந்தவர், "பட்டுப்போச்சு, மேல விழுந்தா யாரு பொறுப்பு?" என்று வெட்ட ஆளைக் கூட்டி வந்துவிட்டார். தாழ்ந்த கிளை ஒன்றை நகத்தால் சுரண்டிக் காட்டினேன். உள்ளே பச்சைப்பசேல். இலை இல்லாத நாளிலும் இலவு அந்தப் பச்சைப் பட்டையிலேயே தனக்குக் கொஞ்சம் சாப்பாடு சமைத்துக்கொள்ளும். கோடாலி திரும்பிப் போனது. மனுசர் இன்னும் என்னோடு பேசுவதில்லை, போகட்டும்.

அதற்கப்புறம்தான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். தண்டைச் சுற்றிக் கிடைமட்டமாகக் கிளைகள், அதற்கு மேலே அடுத்த சுற்று, அதற்கும் மேலே இன்னொன்று. நெல்லையப்பர் தேருக்குச் சாரம் கட்டின மாதிரி. ஒரு காக்கைக் கூடு, வால் அறுந்த பட்டம், எந்தக் காற்றிலோ முறிந்து ஆறின தழும்பு, எல்லாம் தெரிகிறது. பொதிகைக்குப் பின்னால் வெயில் இறங்கும்போது குச்சி குச்சியாக எண்ணிவிடலாம். பூத்திருந்தபோது ராத்திரியில் வௌவால் வந்தது. இப்போது காய் தொங்குகிறது. இலவு காத்த கிளி என்கிறார்கள். நான் பார்த்தவரை காத்துக்கிடப்பது அணில்தான், கூட்டுக்குப் பஞ்சு அள்ள!

அங்கே தரை உறைந்து வேருக்குத் தண்ணீர் எட்டாது. இங்கே ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மண் காய்கிறது. இலையை வைத்துக்கொண்டிருந்தால் இருக்கிற ஈரமும் அது வழியாகப் போய்விடும். கை இறுகும்போது முதலில் எதை நிறுத்துவது என்று நமக்குத் தெரியாதா?

ஒன்று செய். உன் மேப்பிளின் குச்சி நுனியைக் கிட்டப் போய்ப் பார். அடுத்த தளிருக்கான மொக்கு போன கோடையிலேயே கட்டி, மூடி வைத்திருக்கும். அது சர்க்கரை மேப்பிளாக இருந்தால் இன்னும் விசேஷம். குளிர்காலக் கடைசியில், ராத்திரி உறைந்து பகலில் இளகுகிற நாட்களில், அந்த மொட்டை மரத்தில் துளை போட்டுத்தான் சாறு இறக்குகிறார்கள். சுமார் 40 லிட்டர் சாறு காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. உங்க அம்மா கருப்பட்டிக்குப் பதனி காய்ச்சின அடுப்பும் அந்தப் புகையும் நினைவுக்கு வந்தன.

பிசான நெல் அறுப்பு நடக்கிறது. என் முழங்கால் வலி அப்படியேதான். பங்குனி, சித்திரையில் காய் வெடித்ததும் உனக்கு ஒரு தலையணைக்குப் பஞ்சு எடுத்து வைக்கிறேன். கொட்டை எடுக்கிற வேலை மட்டும் நீ வந்து செய்.

உன் பிரியமுள்ள தோழி.